97 நாளில் திரும்பி வந்தவரை நம்பலாமா?

கேள்வி இதுதான்: "2024 ஏப்ரலில் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுச் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து, நுரையீரல் சுருங்கி, காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து கிடந்தவர் டென்மார்க் வீரர் யோனாஸ் விங்கெகார்ட். அதே வருஷம் ஜூலையில் டூர் டி பிரான்ஸில் பெரும் போட்டியாளரான ஸ்லோவேனிய வீரர் போகாச்சரையே ஸ்பிரின்ட்டில், அதாவது கடைசி வேக ஓட்டத்தில், முந்தினார். ஊக்கமருந்து இல்லாமல் இது நடக்குமா? சந்தேகப்படுகிறவர்களைத் திட்டுகிறார்களே, சந்தேகப்படுவது தப்பா?"

நடக்கும். சந்தேகப்படுவதும் தப்பில்லை. ஆனால் சந்தேகப்படுகிறவர்களில் பலர் பார்க்கக்கூடாத இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். விழுந்தவன் எழுந்து வந்ததைப் பார்க்கிறார்கள். அது ஒன்றையும் நிரூபிக்காது, இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உடம்பு. ஏப்ரல் 4 விழுந்தார். 12 நாள் மருத்துவமனை. ரோட்டோரத்தில் கிடந்தபோது இருமினால் ரத்தம் வந்தது, இத்தோடு முடிந்தது என்று நினைத்ததாகப் பின்னால் அவரே சொன்னார். மே மாதம் மறுபடி ரோட்டில் சைக்கிள் எடுத்தார், பிறகு மலைமேல் பயிற்சி முகாம். இடையில் ஒரு பந்தயம்கூட ஓட்டாமல் ஜூன் 29 அன்று ஃபிளாரன்ஸில் டூர் தொடங்கும் கோட்டில் வந்து நின்றார். ஜூலை 10, பதினோராவது ஸ்டேஜ் (ஒருநாள் ஓட்டம்), 211 கி.மீ. முடிய இன்னும் 30 கி.மீ.க்கு மேல் இருக்கும்போது புய் மரி ஏற்றத்தில் போகாச்சர் பாய்ந்தார். விங்கெகார்டால் உடனே ஒட்ட முடியவில்லை, அரை நிமிஷத்துக்கு மேல் பின்தங்கினார். அடுத்த ஏற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பின்சக்கரத்தைப் பிடித்தார். லெ லியோரானில் கடைசி நூறு மீட்டர் இருவர் மட்டும். ஒரு சக்கர அளவு வித்தியாசத்தில் முந்தினார். பேட்டியில் பேச ஆரம்பித்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. விழுந்த நாளிலிருந்து எண்ணினால் 97 நாள்.

மருந்து இல்லாமல் இது ஏன் சாத்தியம்? படுத்துக் கிடந்தால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. அது சில நாட்களிலேயே வற்றும், பயிற்சி தொடங்கினால் அதே வேகத்தில் ஊறவும் செய்யும். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்பவை, அவ்வளவு சீக்கிரம் காலியாகிவிடாது. இதயத்தின் கொள்ளளவு, தசைக்குள் வலைபோல் படர்ந்த நுண்குழாய்கள் எல்லாம் பத்துப் பதினைந்து வருஷப் பயிற்சியில் கட்டியவை. ஒரு மாதப் படுக்கை அவற்றைத் தேய்க்கும், இடித்துத் தரைமட்டமாக்காது. காறை எலும்பு முறிந்து சில வாரத்தில் பந்தயத்துக்குத் திரும்புவது சைக்கிள் உலகில் வருஷா வருஷம் நடக்கிற சங்கதி. தொடை எலும்பு முறிவு வேறு கதை, அதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது 2024-லிருந்து 35 வருஷம் பின்னால் போக வேண்டும். திரும்பி வருவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிரெக் லெமாண்டை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு எப்போதும் வருத்தம்.

1986-ல் டூர் ஜெயித்த அமெரிக்கர். 1987 ஏப்ரல் 20 அன்று வேட்டைக்குப் போன இடத்தில் மைத்துனர் சுட்ட துப்பாக்கி ரவைகள் தவறுதலாக இவர் முதுகில் பாய்ந்தன. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். எடுக்க முடியாத 30-க்கும் மேற்பட்ட ரவைகள் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டன, சில இதயத்தின் உறையில். இரண்டு வருஷம் பந்தயங்களில் பின்னால் இழுபட்டார். 1989 இத்தாலி டூரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் மனநிலையில் இருந்தார். ரத்தசோகை என்று தெரிந்து இரும்புச்சத்து ஊசி போட்டார்கள். அடுத்த மாதம் டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. தனியோட்டம், அதாவது ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது. மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்ஸியில் லோரான் ஃபிங்யோன், 50 விநாடி முன்னால். லெமாண்ட் காற்றைக் கிழிக்கும் கைப்பிடியும் கூர்வால் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு மணிக்கு 54.5 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். ஃபிங்யோன் தலையில் ஒன்றும் இல்லாமல், குதிரைவால் முடி பறக்க ஓட்டினார். சீட் உரசிப் புண்ணான இடத்தில் வலி வேறு. மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கி.மீ. ஓடி முடிந்த பந்தயம் 8 விநாடியில் லெமாண்டுக்குப் போனது.

இதை இன்று ஒருவர் செய்தால் என்ன சொல்வோம்? ஒரு மாதத்துக்கு முன் தள்ளாடியவர், ஊசி போட்டதும் உலகத்தையே ஜெயிக்கிறார். ஒருவர்கூட நம்ப மாட்டார்கள். ஆனால் லெமாண்ட் மீது எந்த ஊக்கமருந்துக் குற்றமும் என்றும் நிரூபணமானதில்லை. சிவப்பணுவைப் பெருக்கும் ஊக்கமருந்தான இபிஓ பெலோட்டானுக்குள், அதாவது பந்தய வீரர் கூட்டத்துக்குள், பரவியதும் அதற்குப் பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான். கண்ணுக்கு நம்ப முடியாததாகத் தெரிந்தது உண்மையாக இருந்தது.

எதிர்ப்பக்கம் அமெரிக்க வீரர் ஃபிளாய்ட் லாண்டிஸ், 2006 டூர். முந்தின நாள் லா தூசுயிர் ஏற்றத்தில் எரிபொருள் தீர்ந்த வண்டிபோல நின்றுபோய் 8 நிமிஷத்துக்கு மேல் பின்தங்கினார். மறுநாள், ஜூலை 20, மோர்சீன் போகும் மலைகளில் யாரும் எதிர்பாராத இடத்தில் தனியாகக் கிளம்பிப்போய் 5 நிமிஷம் 42 விநாடி முன்னால் வந்து சேர்ந்தார். அவருடைய இடுப்பு மூட்டில் எலும்பு செத்துப்போயிருந்தது, டூர் முடிந்ததும் மாற்ற வேண்டும் என்று இருந்தவர். அந்த மதியம் நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. இப்படி ஒரு நாளைப் பார்த்துவிட்டோமே என்று மனசு நிறைந்து போயிருந்தது. ஒரு வாரத்தில் செய்தி வந்தது: அந்த ஸ்டேஜ் மாதிரியிலேயே டெஸ்டோஸ்டிரோன் அளவு சரியில்லை. நாலு வருஷம் மறுத்தார், சட்டச் செலவுக்கு ரசிகர்களிடம் பணம் திரட்டினார், 2010-ல் ஒப்புக்கொண்டார். அன்று என்னைப்போல் எழுந்து நின்று பார்த்த எத்தனையோ பேர் அதற்குப் பிறகு எழுந்து நிற்கவே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது. சந்தேகப்படுகிறவரைத் திட்டும் முன் அவர் எந்த வருஷம் சூடு பட்டார் என்று கேட்டுப் பாருங்கள். 1998, 2006, 2012 என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வருஷம் இருக்கும்.

லாண்டிஸ் விஷயத்தில் கண் சொன்னது சரி, லெமாண்ட் விஷயத்தில் தப்பு. ஆம்ஸ்ட்ராங்கிடம் வந்தால் இந்தக் கணக்கு இன்னும் குழம்பும். கேள்விக்கு உண்மையான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் இரண்டு முறை திரும்பி வந்தார். முதல் முறை எல்லோருக்கும் தெரியும். 1996 அக்டோபரில், 25 வயதில், விதைப்பையில் தொடங்கி நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய புற்றுநோய். 1999-லிருந்து 2005 வரை ஏழு டூர். அதற்கு முந்தைய 1998 டூரில்தான் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் எல்லையில் காரோடு பிடிபட்டு, உள்ளே இருந்த மருந்துக் குவியல் வெளியே வந்திருந்தது. நாறிப்போன விளையாட்டைச் சுத்தம் செய்ய வந்தவன் மாதிரி, சாவிலிருந்து எழுந்து ஒருவன் வந்தான். உலகம் நம்ப ஆசைப்பட்டது. பாரிசில் கடைசி மேடையில், அதிசயங்களை நம்பாதவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது என்ற தோரணையில் பேசிவிட்டுத்தான் இறங்கினார்.

இரண்டாவது திரும்பல்தான் எனக்கு முக்கியம். 2008 செப்டம்பரில் அறிவித்தார். இந்த முறை எல்லாம் வெளிப்படை, டான் கேட்லின் என்ற பெயர்பெற்ற விஞ்ஞானி தனியாக என்னைச் சோதிப்பார், ரத்த அளவுகளை இணையத்தில் போடுவேன் என்றார். 2009 பிப்ரவரியில், சரியாகத் தொடங்கும் முன்பே, செலவும் சிக்கலும் அதிகம் என்று அந்தத் தனிச் சோதனைத் திட்டம் கைவிடப்பட்டது. மார்ச்சில் ஸ்பெயினில் விழுந்து காறை எலும்பை முறித்தார். மே மாதம் இத்தாலி டூரில் 12-ஆவது. ஜூலையில் டூரில் மூன்றாவது, கொண்டாதோருக்கும் ஆண்டி ஷ்லெக்குக்கும் பின்னால். 37 வயது, எலும்பு முறிவு, மூன்றாம் இடம். பார்க்க எவ்வளவு மனிதத்தன்மையாக இருக்கிறது! இப்படித்தான் ஒரு நேர்மையான திரும்பல் இருக்கும் என்று எழுதியவர்கள் அன்று உண்டு.

ரத்தம் வேறு சொன்னது. மூன்று வாரப் பந்தயத்தில் ஓட ஓட உடம்பு பிளாஸ்மாவைப் பெருக்கும், அதனால் ஹீமோகுளோபின் செறிவு இயல்பாகவே இறங்கிக்கொண்டு போகும். 2009 இத்தாலி டூரில் அவருக்கு அப்படித்தான் இறங்கியது. இரண்டு மாதம் கழித்து டூரில் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. கூடவே ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்கள் குறைந்து கிடந்தன. வெளியிலிருந்து ரத்தம் ஏற்றினால், போதுமான அளவு இருக்கிறதே என்று எலும்பு மஜ்ஜை புதிய அணு தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். இந்த இரண்டு தடயமும் சேர்ந்து அங்கே இருந்தன. 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யூசாடா தன் விரிவான தீர்ப்பை வெளியிட்டது. துணை ஆவணங்களோடு ஆயிரம் பக்கத்துக்கு மேல், 26 சாட்சிகள், அதில் 11 பேர் கூட ஓட்டிய அணித்தோழர்கள். 2009, 2010 ரத்த அளவுகள் இயற்கையாக அமைய வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அதில் இருக்கிறது. 2013 ஜனவரித் தொலைக்காட்சிப் பேட்டியில் ஏழு டூருக்கும் மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டவர், இரண்டாவது திரும்பலில் எடுக்கவில்லை என்று மட்டும் சாதித்தார். யாரை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

ஆக, மிக அடக்கமாகத் தெரிந்த திரும்பலில்தான் ரத்தத்தின் சாட்சியம் அவ்வளவு கனமாக இருந்தது. பந்தய முடிவைப் பார்த்து மட்டும் தீர்ப்பு எழுதினால் லெமாண்டைத் தூக்கில் போட்டுவிட்டு 2009 ஆம்ஸ்ட்ராங்குக்கு மாலை போடுவோம்.

"சோதனையில் ஒருமுறையும் மாட்டவில்லையே" என்ற வாதத்துக்கு வருகிறேன், அடிக்கடி வருவது. அதே யூசாடா ஆவணத்தில் ஒரு காட்சி இருக்கிறது. 1998, நெதர்லாந்தில் உலக சாம்பியன்ஷிப். ரத்தம் எடுக்கும் அதிகாரிகள் தங்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். அப்போது இபிஓவைக் கண்டுபிடிக்கும் சோதனையே கிடையாது. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, அதாவது ஹெமட்டோக்ரிட், 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்ற விதி மட்டும் 1997-லிருந்து இருந்தது. அணி மருத்துவர் வெளியே போய், மழைக்கோட்டுக்குள் ஒரு லிட்டர் உப்புநீர்ப் பையை மறைத்துக்கொண்டு அந்த அதிகாரிகளின் கண்ணெதிரே நடந்து உள்ளே வந்தார். ஆம்ஸ்ட்ராங்கின் நரம்பில் அது ஏறியது. ரத்தம் நீர்த்தது, சோதனையில் தேறினார். இதைச் சொன்னவர் அணித்தோழர் ஜோனதன் வாட்டர்ஸ்.

சோதனை என்பது அந்த நிமிஷத்தில் எடுத்த ஒரு சொட்டு. இபிஓவுக்கான சிறுநீர்ச் சோதனை 2000, 2001 வாக்கில் வந்தது. உடனே சிறு சிறு அளவாக நேரடியாக நரம்பில் போட்டு விடிவதற்குள் தடயம் கரையும்படி செய்தார்கள். அவரவர் ரத்தத்தையே எடுத்துப் பத்திரப்படுத்தி மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். அதைக் காட்டிக்கொடுக்க ஒரு சோதனையும் இல்லை. 2008-ல் உயிரியல் பாஸ்போர்ட் வந்தது. ஒருவரின் ரத்த அளவுகளை வருஷக்கணக்கில் கோர்த்து, அவரையே அவரோடு ஒப்பிடும் முறை. பெரிய ஏமாற்றை அது சுருக்கியது, ஒழித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். விபத்தில் ரத்தம் இழந்து, மலைமுகாமுக்கும் போய் வந்த ஒருவரின் பாஸ்போர்ட்டைப் படிப்பது நிபுணர்களுக்கே கடினம். அளவு ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதற்கு நியாயமான காரணங்களே நாலைந்து இருக்கும். திரும்பி வருகிறவர்களிடம் இந்தச் சிக்கல் உண்டு என்பதை மறைக்கக்கூடாது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? கேள்வி கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்கிறேன்.

எம்மா ஓ'ரெய்லி ஆம்ஸ்ட்ராங் அணியில் உடம்பு பிடித்துவிடும் வேலையில் இருந்தவர். 1999 டூரில் ஆம்ஸ்ட்ராங்கின் மாதிரியில் கார்டிசோன் என்ற மருந்தின் தடயம் தெரிந்தபோது, சீட் புண்ணுக்குப் பூசும் களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச்சீட்டு தயாரித்ததைச் சொன்னார். பதிலுக்கு அவருடைய ஒழுக்கத்தையே கேவலமாகப் பேசினார்கள், வழக்கும் போட்டார்கள். பெட்சி ஆண்ட்ரூ, 1996-ல் மருத்துவமனை அறையில் ஆம்ஸ்ட்ராங் தான் எடுத்த மருந்துகளை டாக்டரிடம் சொல்லக் கேட்டவர். அவரைப் பைத்தியக்காரி ஆக்கினார்கள். இத்தாலிய வீரர் ஃபிலிப்போ சிமியோனி மருந்து விவகாரத்தில் ஒரு மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். 2004 டூரில் அவர் முன்னால் போன ஒரு சின்னக் கூட்டத்தோடு சேர்ந்தபோது, மஞ்சள் ஜெர்ஸியில் இருந்த ஆம்ஸ்ட்ராங் தானே துரத்திப்போய், அவர் பின்வாங்கும்வரை விடவில்லை. பின்வாங்கிய சிமியோனியைப் பெலோட்டானில் சிலர் திட்டியும் துப்பியும் வரவேற்றார்கள். இது அத்தனையும் தீர்ப்பு வருவதற்குப் பல வருஷம் முன்னால், எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது. சோதனைக்கூடம் தேவையே இல்லை, பார்க்க மனசு இருந்தால் போதும்.

இதில் லெமாண்டும் ஒருவர். ஆம்ஸ்ட்ராங்குக்கும், சிமியோனி எதிராகச் சாட்சி சொன்ன அதே மருத்துவர் மிக்கேலே ஃபெராரிக்கும் உள்ள தொடர்பு 2001-ல் வெளிவந்தபோது, இது சுத்தமென்றால் விளையாட்டு வரலாற்றின் மிகப் பெரிய மீள்வரவு, இல்லையென்றால் மிகப் பெரிய மோசடி என்ற பொருளில் பேசினார். இதயத்துக்குப் பக்கத்தில் ரவைகளோடு திரும்பி வந்து ஜெயித்தவர் சொன்னது அது. திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? பொறாமை என்று ஒதுக்கினார்கள். அவர் பெயரில் சைக்கிள் விற்ற நிறுவனத்தோடு இருந்த உறவும் கடைசியில் முறிந்தது. சந்தேகப்படுகிறவன் விளையாட்டின் எதிரி என்று யாராவது சொன்னால் எனக்கு லெமாண்டின் முகம்தான் நினைவுக்கு வரும். அன்று சந்தேகப்பட்டவர்களில் பாதிப்பேர் இந்த விளையாட்டை உயிராக நேசித்தவர்கள்.

ஆனால் சந்தேகத்துக்கும் ஒரு எல்லை வேண்டும். 2015 டூரில் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் ஃப்ரூம் மஞ்சள் ஜெர்ஸியில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ரோட்டோரத்தில் நின்ற ஒருவன் "மருந்துக்காரன்" என்று கத்தி ஒரு குவளைச் சிறுநீரை அவர் மேல் வீசினான். அன்றைக்கு ஃப்ரூம் மீது எந்த வழக்கும் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து ஆஸ்துமா மருந்தான சல்பூட்டமால் வரம்பைத் தாண்டியதாக ஒரு விவகாரம் வந்து, 2018 ஜூலையில் தண்டனை இல்லாமல் முடிந்தது. அதைப் பற்றி ஒருவருக்கு என்ன கருத்து வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்தக் குவளைக்கு அது நியாயம் ஆகாது. முன்னால் ஏமாற்றியவன் வைத்துவிட்டுப் போன கடனைப் பின்னால் வந்தவன் முகத்தில் வாங்கினான்.

அதே ஃப்ரூம் 2019 ஜூனில் பந்தயப் பாதையைப் பார்க்கப் போனபோது சுவரில் மோதித் தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்புகள் முறிந்தார். திரும்பி வந்தார். 2022-ல் ஆல்ப் தூயெஸ் உச்சியில் ஒருநாள் மூன்றாவதாக வந்தார், கண்ணீர் விட்டவர்கள் உண்டு. பழைய உயரத்தை மட்டும் அவரால் எட்டவே முடியவில்லை. அந்த வருஷங்களில் அவரை ஒருவரும் மருந்துக்காரன் என்று சொல்லவில்லை. தோற்றால் சுத்தம், ஜெயித்தால் மருந்து. இந்த அளவுகோல் எவ்வளவு வளைந்தது பாருங்கள்.

திரும்ப விங்கெகார்டிடம் வருவோம். அவரைப் பற்றிக் கேட்க வேண்டிய கடினமான கேள்வி ஒன்று உண்டுதான், அது அந்த 97 நாளைப் பற்றியது அல்ல. லெ லியோரானுக்கு நாலு நாள் கழித்து, ஜூலை 14, பிளாட்டோ டி பெய் ஏற்றம். 1998-ல் இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி அதே ஏற்றத்தில் எடுத்த நேரத்தைப் போகாச்சர் மூன்று நிமிஷத்துக்கு மேல் சுருக்கினார். ஒரு நிமிஷம் 8 விநாடி பின்னால் வந்த விங்கெகார்டும் பந்தானியைவிட வேகம். பந்தானியின் 1998 மாதிரியைப் பின்னால் மறுபடி சோதித்ததில் இபிஓ இருந்தது என்று பிரெஞ்சு செனட் அறிக்கை 2013-ல் வெளியிட்டது. மருந்தோடு ஓட்டியவனை மருந்தில்லாதவர்கள் இவ்வளவு தூரம் முந்த முடியுமா?

சொல்லும் காரணங்கள் உண்மையானவை. மணிக்கு நூறு கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது. டயர், உடை, சைக்கிள் எல்லாம் மாறிவிட்டன. ஏற்றத்தின் அடிவாரம்வரை அணித்தோழர்கள் கொண்டுவந்து விடும் வேகமே வேறு. இவை ஒவ்வொன்றும் எத்தனை விநாடி தரும் என்று யாரும் துல்லியமாகப் பிரித்துத் தந்துவிடவில்லை. அந்த ஜூலையிலேயே, பெரிய அணிகள் கார்பன் மோனாக்சைடு வாயுவை மூச்சில் இழுக்க வைத்து ஹீமோகுளோபினை அளக்கின்றன என்று செய்தி வந்தது. அளக்க மட்டும்தான் என்றார்கள். அதையே அடிக்கடி செய்தால் சிவப்பணு பெருக வழி இருக்கிறது. உலக சைக்கிள் அமைப்பான யூசிஐ 2025 பிப்ரவரியில் மருத்துவ மேற்பார்வைக்கு வெளியே அதைத் தடை செய்தது. நான் கேட்டால் இந்த இடத்தில்தான் கேட்பேன். விழுந்தவர், எழுந்தவர் எல்லோரையும் சேர்த்துத்தான் கேட்பேன்.

விங்கெகார்ட் கேள்விகளை எப்படி எதிர்கொள்கிறார் என்பதையும் கவனித்திருக்கிறேன். 2023 டூரில் தனியோட்டத்தில் 22.4 கி.மீ.க்குள் போகாச்சரை ஒரு நிமிஷம் 38 விநாடி முந்தினார். செய்தியாளர்கள் நேராகவே கேட்டார்கள். சந்தேகம் வருவது புரிகிறது, கடந்த காலத்தைப் பார்த்தால் வரத்தான் செய்யும் என்றார். என் மகளுக்குக் கொடுக்க மாட்டாத எதையும் நான் எடுப்பதில்லை என்றார். சொல் எளிது, ஏமாற்றுகிறவனும் அழகாகப் பேசுவான், தெரியும். ஆனால் கேட்டவர்கள் மேல் அவர் பாயவில்லை, யாரையும் வழக்குப் போட்டு மிரட்டவில்லை. ஆம்ஸ்ட்ராங் காலத்தைப் பார்த்தவனுக்கு அந்த வித்தியாசம் சின்னதல்ல.

எனக்கு அவர் மீது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டால், இந்த விளையாட்டில் எல்லோர் மீதும் வைத்திருக்கும் அளவுதான், ஏப்ரல் விபத்துக்காகக் கூடுதலாக ஒன்றுமில்லை. டூரில் ஸ்டேஜ் ஜெயித்தவரை அன்று மாலையே சோதனைக்குக் கூட்டிப் போவார்கள், லெ லியோரானிலும் அதுதான் விதி. மாதிரிகளைப் பத்திரப்படுத்திப் பத்து வருஷம்வரை மறுபடி சோதிக்க இன்று விதியில் இடம் உண்டு. 1998, 1999 மாதிரிகள் பேசியது இப்படி உறைந்து கிடந்த பிறகுதான். 2024 ஜூலையில் எடுத்ததற்கு 2034 ஜூலைவரை நேரம் இருக்கிறது.